வாட்டர் இன்ஜெக்‌ஷன் ஹெடர்ல அடிப்பக்கம் மட்டும் குழி: பாக்டீரியாவா, ஆக்சிஜனா?

மேற்குக்கடல் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். அரபிக்கடல்ல ஒரு பிராசஸ் பிளாட்ஃபார்ம்ல கெமிஸ்டா இருக்கேன். அரிப்பு என்னோட படிப்பு இல்ல, ஆனா தண்ணி டெஸ்ட் பண்றவன் நான்தான்கிறதால கேள்வியெல்லாம் என் மேசைக்குத்தான் வருது.

கடல் தண்ணியை உறிஞ்சி, குளோரின் விட்டு, ஃபில்டர் பண்ணி, டி-ஏரேட்டர் டவர்ல ஆக்சிஜனை எடுத்து, மிச்சம் மீதி ஆக்சிஜனைப் பிடிக்க பைசல்ஃபைட் (ஸ்கேவெஞ்சர்) போட்டு, மெயின் பம்ப் வழியா கிணத்து பிளாட்ஃபார்ம்களுக்கு அனுப்புறோம், எண்ணெயைத் தள்ள அங்க பூமிக்குள்ள இறக்குவாங்க. வழக்கமான ஏற்பாடுதான். டி-ஏரேட்டருக்கும் மெயின் பம்புக்கும் நடுவுல, லோ பிரஷர் பக்கம், 12 இஞ்ச் கார்பன் ஸ்டீல் ஹெடர்ல (பொதுக் குழாய்) ஒரு ஸ்பூல், அதாவது கழட்டி மாட்டுற குழாய்த் துண்டு, ஒழுக ஆரம்பிச்சது. கிளாம்ப் போட்டு ஓட்டிட்டு, ஷட்டவுன் கிடைச்சதும் சாயங்காலம் கழட்டினோம். உள்ள அடிப்பக்கம், அதாவது ஆறு மணி நிலையில, ஒரு கை அகலத்துக்குக் கறுப்புச் சேறு. வழவழன்னு இருந்துச்சு, அழுகின முட்டை நாத்தம். சேத்தை வழிச்சா அடியில வட்ட வட்டமா குழி, சில குழிக்குள்ள இன்னொரு குழி. சுவர் 9.5 மி.மீ. குழி இல்லாத இடத்துல யூ.டி. (அல்ட்ராசோனிக் தடிமன் சோதனை) 9.2 காட்டுது. அங்கேர்ந்து ரெண்டு அங்குலம் தள்ளி ஓட்டை!

குழப்பம் இங்கதான். ஆக்சிஜன் மீட்டர் எப்பவும் 20 பி.பி.பி.க்குக் (நூறு கோடியில 20 பங்கு) கீழ. பம்ப் டிஸ்சார்ஜ்ல இருக்கிற கூப்பன் (அரிப்பை அளக்க வைக்கிற உலோகத் துண்டு) வருஷத்துக்கு 0.03 மி.மீ. அரிப்புன்னு சொல்லுது. எஸ்.ஆர்.பி. (சல்ஃபேட்டை ஒடுக்கிச் சல்ஃபைடு விடுற பாக்டீரியா) வளர்த்துப் பார்க்கிற பாட்டில் மாசாமாசம் போடுறோம், அது இருந்தா பாட்டில் கறுக்கும், 28 நாள் வச்சும் ஒரு பாட்டில்கூட கறுக்கல. வாரம் ஒரு தடவை பயோசைடு (கிருமிக்கொல்லி) குளுட்டரால்டிஹைடு ஒரு பேட்ச் போகுது.

இன்ஸ்பெக்‌ஷன் கான்ட்ராக்டர் மறுநாள் காலையில வந்து பார்த்துட்டு, உள்ள செந்துரு இருக்கு, இது ஆக்சிஜன் அரிப்புன்னு ரிப்போர்ட் எழுதிட்டார். கெமிக்கல் சப்ளை பண்றவங்க ஆளு, இது பாக்டீரியா, பயோசைடை டபுள் பண்ணுங்கன்னு சொல்றார். எங்க மேலதிகாரி "நீ என்னப்பா சொல்ற?"ன்னு என்னைக் கேட்கிறார்.

இது நுண்ணுயிர் அரிப்புதானான்னு எப்படி உறுதியா சொல்றது? டோஸ் டபுள் பண்ணினா நிக்குமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

---

உப்புக்காற்று பதில்:

தம்பி, கேள்வியை நல்லா எழுதியிருக்கீங்க. பாதி பதில் உங்க வர்ணனையிலேயே இருக்கு. நான் இந்த வேலையில மேற்குக் கரையிலயும் வளைகுடாவுலயும் காலத்தைக் கழிச்சு ஓய்வு பெற்றவன். குழாயைத் திறந்து பார்க்கிற வாய்ப்பு எப்பவோ ஒரு தடவைதான் வரும். அது உங்களுக்கு வந்திருக்கு, வீணாக்கிடாதீங்க.

முதல்ல அந்தச் செந்துரு. நீங்க திறந்தப்ப கறுப்பு, கான்ட்ராக்டர் பார்த்தப்ப சிவப்பு. நடுவுல ஒரு ராத்திரி. அந்தக் கறுப்பு இரும்பு சல்ஃபைடு. ஈரத்தோட காத்துல கிடந்தா அது ஆக்சிஜனை இழுத்து ஆரஞ்சுத் துருவாவும் கந்தகமாவும் மாறிடும். மறுநாள் வந்து பார்க்கிற எவரும் ஆக்சிஜன்னுதான் எழுதுவாங்க. அவரைக் குத்தம் சொல்லல, அவர் பார்த்ததை எழுதினார். ஆனா அந்த ரிப்போர்ட்டோட உங்க குறிப்பும் கூடவே ஃபைல்ல இருக்கணும்: எத்தனை மணிக்குத் திறந்தோம், என்ன நிறம், என்ன நாத்தம். ஃபோட்டோ இருந்தா நேரத்தோட சேர்த்து வையுங்க.

சேறு கொஞ்சமாவது மூடின டப்பாவுல எடுத்து வச்சிருக்கீங்களா? இருந்தா ஃப்யூம் ஹூட்ல வச்சு ஒரு பொட்டுல ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுங்க. மேல லெட் அசிடேட் தாள் பிடிங்க. தாள் பழுப்பாகிக் கறுத்தா சல்ஃபைடு. இதுல ஒரு முக்கியமான விஷயம்: எண்ணெய் வர்ற லைன்ல சல்ஃபைடு இருந்தா அது எங்கேர்ந்தும் வந்திருக்கலாம், பூமிக்கடியிலேயே ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும். உங்களோடது வெறும் கடல் தண்ணி. திறந்த கடல் தண்ணியில சல்ஃபைடு கிடையாது. லிட்டருக்கு 2,700 மில்லிகிராம் அளவுக்கு சல்ஃபேட்தான் இருக்கு. உங்க லைன் வெப்பத்துல சல்ஃபேட் தானா சல்ஃபைடா மாறாது, அதை மாத்த ஒரு உயிர் வேணும். பம்ப் ட்ரிப் ஆகும்போது கிணத்துலேர்ந்து தண்ணி பின்னாடி வரலையான்னு மட்டும் செக் வால்வைப் பார்த்து உறுதி பண்ணிக்கங்க. அந்தச் சந்தேகம் நீங்கிட்டா, அந்தச் சல்ஃபைடை உண்டாக்கினது பாக்டீரியாதான்னு நான் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். சல்ஃபைடை உண்டாக்கினதுன்னுதான் சொல்றேன், குழியைத் தோண்டினதுன்னு இன்னும் சொல்லல. ரெண்டும் தனித்தனியா நிரூபிக்க வேண்டியது.

குழிக்குள்ள குழியைப் பார்த்ததும் "மைக்" (நுண்ணுயிர் அரிப்பு)ன்னு முத்திரை குத்துற பழக்கம் நம்ம ஆளுங்ககிட்ட நிறைய. அது தப்பு. கார்பன் டை ஆக்சைடும் அழகா வட்டக் குழி போடும், வண்டலுக்கு அடியில நடக்கிற சாதாரண அரிப்பும் போடும். வடிவத்தை வச்சு மட்டும் தீர்ப்பு எழுதக் கூடாது. உயிர் இருக்கா, அந்த உயிர் உண்டாக்கின ரசாயனம் குழிக்குள்ள இருக்கா, உலோகம் போன விதம் அதோட ஒத்துப் போகுதா, வேற காரணங்களைத் தள்ளியாச்சா, இத்தனையும் ஒரே இடத்துல பொருந்தணும்.

இப்ப உங்க கூப்பனும் பாட்டிலும் ஏன் நல்ல சேதி சொல்லுதுன்னு பார்ப்போம். கூப்பன் பம்ப் டிஸ்சார்ஜ்ல இருக்கு. அங்க தண்ணி வேகமா ஓடும், வண்டல் நிக்காது. பெரும்பாலும் குழாய் நடுவுல தொங்கிட்டிருக்கும். அரிச்சது குழாயோட அடிப்பக்கம். கூப்பன் இருக்கிற இடத்துல என்ன நடக்குதோ அதைத்தான் கூப்பன் சொல்லும். பாட்டில் கதையும் அதேதான். நீங்க எண்ணுறது தண்ணியில மிதக்கிற பாக்டீரியாவை. அரிக்கிற கூட்டம் சுவத்துல ஒட்டி, தானே சுரந்த பசைக்குள்ள உட்கார்ந்திருக்கு. தண்ணியில ஒண்ணுமே இல்லாம சுவத்துல ஒரு சதுர சென்டிமீட்டருக்கு லட்சக்கணக்குல இருந்த லைன்களை நான் பார்த்திருக்கேன். மிதக்கிறதை எண்ணி நிம்மதியா இருந்த பிளாட்ஃபார்ம்கள்தான் அதிகம் ஓட்டை விழுந்தவை. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

டோஸை டபுள் பண்றது பத்தி: வேண்டாம், இப்ப வேண்டாம். குளத்துப் படியில பிடிச்ச பாசி மேல எத்தனை குடம் தண்ணி ஊத்தினாலும் போகாது, தேய்க்கணும். சுவத்துல ஒட்டின அந்தப் பசைப் படலமும் (பயோஃபிலிம்) அப்படித்தான். மேல் அடுக்கு சாகும், அடியில இருக்கிறது பிழைச்சு நாலஞ்சு நாள்ல மறுபடி ஏறிடும். செத்ததே மிச்சத்துக்குத் தீனி.

அதுக்கும் மேல ஒரு சந்தேகம் எனக்கு. ஸ்கேவெஞ்சர் எங்க ஏறுது, குளுட்டரால்டிஹைடு எங்க ஏறுது? ரெண்டும் டி-ஏரேட்டர் வெளிவாய்ல பக்கத்துப் பக்கத்துல இருந்தா, பைசல்ஃபைட் குளுட்டரால்டிஹைடைப் பிடிச்சுத் தின்னுடும். கழிவுல குளுட்டரால்டிஹைடைச் செயலிழக்க வைக்கவே பைசல்ஃபைட் போடுவாங்க, அவ்வளவு நல்லா வினை புரியும். அப்ப நீங்க எவ்வளவு போட்டாலும் லைனுக்குள்ள போறது அதுல ஒரு பங்குதான். அப்படி இருக்கையில டபுள் பண்றது பணத்தைக் கடல்ல கொட்டுறது. பேட்ச் போற நேரத்துல ஸ்கேவெஞ்சரை நிறுத்தலாமா, இல்ல இன்ஜெக்‌ஷன் பாயிண்டை நகர்த்தலாமான்னு பார்க்கணும். பேட்ச் போகும்போது லைனோட கடைசி முனையில தண்ணி எடுத்து மிச்ச குளுட்டரால்டிஹைடை அளந்திருக்கீங்களா? அந்த ஒரு எண் இல்லாம யாரும் டோஸ் பத்திப் பேசக் கூடாது.

அடுத்தது, ஓட்டை விழுந்த ஸ்பூல் எங்க இருக்கு? பக்கத்துல மூடி வச்ச கிளை ஏதாவது உண்டா? எனக்கு என்னமோ அங்க ஒரு டெட் லெக், அதாவது தண்ணி ஓடாம தேங்கி நிக்கிற கிளை, இருக்கும்னு தோணுது. டி-ஏரேட்டர் தாண்டினதும் குளோரினும் இல்ல, ஆக்சிஜனும் இல்ல. சல்ஃபேட்டைச் சுவாசிக்கிற ஜீவனுக்கு அதைவிட வசதியான வீடு கிடையாது. அரபிக்கடல் தண்ணியோட வெதுவெதுப்பும் அதுக்கு உதவி. ஓட்டம் செக்கண்டுக்கு ஒரு மீட்டருக்குக் கீழ இறங்கிட்டா வண்டல் தங்கும், தங்கின வண்டலுக்கு அடியில அது குடியேறும்.

கடைசியா, ஆக்சிஜனா பாக்டீரியாவான்னு ஒண்ணைத் தேர்ந்தெடுக்கிற கேள்வியா இதைப் பார்க்காதீங்க. சல்ஃபைடு படிஞ்ச சுவத்துல அப்பப்ப கொஞ்சம் ஆக்சிஜன் நுழைஞ்சா அரிப்பு ரெண்டையும்விட மோசமா போகும். சல்ஃபைடு கந்தகமா மாறி, அந்தக் கந்தகம் இரும்பைத் தின்னும். உங்க மீட்டர் "எப்பவும்" 20க்குக் கீழன்னு சொன்னீங்க. மீட்டரோட தினசரி சராசரியைப் பார்க்காதீங்க. டி-ஏரேட்டர் வேக்குவம் போன நேரம், பம்ப் ஸ்டார்ட் பண்ணின நேரம், ஸ்கேவெஞ்சர் டேங்க் காலியான நேரம், அந்த நிமிஷங்களோட ட்ரெண்டை எடுத்துப் பாருங்க.

---

நுண்ணோக்கி பதில்:

நான் எண்ணெய் வயல் மாதிரிகளைச் சோதிக்கும் ஆய்வகத்தில் நுண்ணுயிரியல் பார்க்கிறேன். உப்புக்காற்று சார் சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. பாட்டில் விஷயத்தை மட்டும் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் பொய்யான "பூஜ்யம்" எங்கள் பக்கத்துக் குறைகளால்தான் அதிகம் வருகிறது.

தம்பி, மாதிரியை எந்த நாளில் எடுக்கிறீர்கள்? பயோசைடு பேட்ச் போன மறுநாள் எடுத்தால் பாட்டிலில் எதுவும் வளராது. தண்ணீரோடு வந்த மிச்ச பயோசைடே பாட்டிலுக்குள்ளும் கொல்லும். அடுத்த பேட்சுக்குச் சற்று முன்னால் எடுப்பதுதான் முறை. அப்போதுதான் ஒரு வாரத்தில் எவ்வளவு மீண்டு வந்திருக்கிறது என்று தெரியும்.

பாட்டிலில் இருக்கும் ஊடகத்தின் உப்பு அளவு என்ன? நன்னீருக்குத் தயாரித்த ஊடகத்தில் கடல் பாக்டீரியாவைப் போட்டால் சரியாக வளராது. கடைகளில் வாங்கும் பாட்டில்களில் உப்பு அளவு பலவிதம், ஆர்டர் போடும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். வைக்கும் வெப்பநிலையும் லைனின் வெப்பநிலையாக இருக்க வேண்டும். ஏ.சி. அறையில் மேசை மேல் வைத்துவிட்டு 28 நாள் காத்திருப்பதில் பயனில்லை.

இவையெல்லாம் சரியாக இருந்தாலும் பாட்டிலில் வளர்வது மொத்தக் கூட்டத்தில் சிறு பகுதிதான். மற்றவை வளர மறுக்கும், அல்லது சல்ஃபேட்டைத் தொடாதவையாக இருக்கும். மெத்தனோஜென் என்ற ஆர்க்கியாக்களில் (பாக்டீரியா அல்லாத வேறொரு வகை நுண்ணுயிர்) சில, இரும்பிலிருந்து எலக்ட்ரானை எடுத்து மீத்தேன் உண்டாக்குபவை. அவை எந்த எஸ்.ஆர்.பி. பாட்டிலையும் கறுக்க வைக்காது. அதனால்தான் இப்போது டி.என்.ஏ. முறைக்குப் போகிறோம். சல்ஃபேட் ஒடுக்கிகளுக்கு டி.எஸ்.ஆர். மரபணு, மெத்தனோஜென்களுக்கு எம்.சி.ஆர். மரபணு என்று, டி.என்.ஏ.வைப் பெருக்கி அளக்கும் கியூ-பி.சி.ஆரில் நேரடியாக எண்ணலாம். ஆனால் டி.என்.ஏ. செத்த செல்லிலும் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. ஏ.டி.பி. (உயிருள்ள செல்லின் ஆற்றல் மூலக்கூறு) சோதனையையும் சேர்த்துக்கொண்டால் உயிரோடு இருப்பது எவ்வளவு என்று ஓரளவு புரியும்.

ஸ்பூலில் மாதிரி எடுக்கும்போது குழியிலிருந்து ஒன்று, அதே குழாயில் குழி இல்லாத இடத்திலிருந்து ஒன்று, இரண்டும் வேண்டும். எத்தனை இருந்தால் ஆபத்து என்று சொல்லும் பொதுவான எண் கிடையாது. யாராவது அப்படி ஓர் எண்ணைச் சொன்னால் நம்பாதீர்கள். குழியிலும் வெளியிலும் உள்ள வேறுபாடுதான் பேசும். பரப்பளவைக் குறித்துக்கொண்டு, கிருமி நீக்கிய பஞ்சுக் குச்சியால் துடைத்து, காற்று புகாத சீசாவில் விளிம்பு வரை அதே லைன் தண்ணீரை நிரப்பி, ஐஸ் பெட்டியில் அனுப்புங்கள். டி.என்.ஏ. மாதிரிக்குத் தனியாகப் பதப்படுத்தும் திரவம் வேண்டும். ஹெலிகாப்டரில் இடம் கிடைக்காமல் இரண்டு நாள் டெக்கில் கிடந்த மாதிரியை வைத்து யாரும் ஒரு முடிவும் சொல்ல முடியாது. பாட்டில் ஊற்றுவதைக் கடலிலேயே, மாதிரி எடுத்த சில மணி நேரத்துக்குள் செய்துவிடுங்கள்.

---

பம்ப்ஹவுஸ் பதில்:

நான் ஆபரேஷன்ஸ் ஆளு. இவங்க சொல்ற அறிவியலுக்கு நடுவுல ஒண்ணு சொல்லியே ஆகணும். கறுப்புச் சேறு இருக்கிற ஸ்பூலைத் திறக்கிறப்ப முதல்ல எச்2எஸ் (ஹைட்ரஜன் சல்ஃபைடு, விஷ வாயு) மீட்டர். முட்டை நாத்தம் வருதுன்னா கொஞ்சமா இருக்குன்னு அர்த்தம், நாத்தம் நின்னு போச்சுன்னா நல்லதுன்னு அர்த்தம் இல்ல. 100 பி.பி.எம். பக்கம் போனா மூக்கு மரத்துப் போகும். டெட் லெக் பிளைண்டைக் கழட்டும்போது முகத்தை ஃபிளேஞ்சுக்கு நேரா வைக்காதீங்க, காத்து முதுகுப் பக்கம் இருக்கணும், கூட ஒரு ஆள் நிக்கணும்.

அந்தக் கறுப்பு இரும்பு சல்ஃபைடு காய்ஞ்சா தானாப் பத்திக்கும். வழிச்ச சேத்தை ஈரமாவே வையுங்க, எண்ணெய்த் துணி கிடக்கிற டிரம்முல போடாதீங்க. குளுட்டரால்டிஹைடு டிரம் மாத்துறவங்க முகக் கவசம் போடாம வேலை செய்யிறதையும் பார்த்திருக்கேன். அது மூச்சுல ஏறினா ஆஸ்துமா மாதிரி ஒட்டிக்கும், பிறகு அந்த ஆளு அந்தப் பக்கமே போக முடியாம ஆயிடும். டோஸ் டபுள்னு சொல்றவங்க டிரம் தூக்குற பையனையும் கணக்குல சேர்த்துக்கணும்.

---

மேற்குக்கடல் பதில்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. உப்புக்காற்று சார், நீங்க கேட்டதுக்குப் பதில்: ஸ்பூலுக்கு ரொம்பப் பக்கத்துலேயே "சி" பம்போட சக்‌ஷன் கிளை இருக்கு. "சி" பம்ப் ரொம்ப காலமா சர்வீஸ்ல இல்ல, வால்வு மூடித்தான் கிடக்கு. நீங்க சொன்ன டெட் லெக் அதுதான். ஸ்கேவெஞ்சரும் பயோசைடும் டி-ஏரேட்டர் வெளிவாய்ல ஏறக்குறைய பக்கத்துப் பக்கத்துல ஏறுது. கடைசி முனையில மிச்சம் அளந்ததே இல்ல.

நுண்ணோக்கி மேடம், மாதிரி பேட்ச் முடிஞ்ச மறுநாள்தான் எடுக்கிறோம். அட்டவணை அப்படித்தான் எங்க கைக்கு வந்தது.

சேறு ஒரு மூடின டப்பாவுல ஃபிரிட்ஜ்ல இருந்தது. லெட் அசிடேட் தாள் உடனே கறுத்துப் போச்சு. பம்ப்ஹவுஸ் அண்ணா, ஹூட்ல வச்சுத்தான் பண்ணினோம்.

இன்னும் ரெண்டு சந்தேகம். இந்த பாக்டீரியா இரும்பை நேரடியா தின்னுதா, இல்ல அது விடுற சல்ஃபைடுதான் அரிக்குதா? அடுத்தது, எங்க ஆபீஸ்ல ஒருத்தர் நார்வேயில நைட்ரேட் போட்டு இதை நிறுத்தினாங்கன்னு சொல்றார். நாமளும் போடலாமா?

---

உப்புக்காற்று பதில்:

"சி" பம்ப் கிளைன்னதும் மனசுல இருந்த படம் முழுசாயிடுச்சு. முதல் வேலை, அதே மாதிரி மூடிக் கிடக்கிற கிளைகள் எல்லாத்தையும் பி.ஐ.டி. (குழாய், கருவி வரைபடம்) எடுத்து வச்சுக் குறிங்க. ஒவ்வொண்ணுக்கும் அடிப்பக்கம் யூ.டி. போடணும், ஒரு புள்ளி வச்சுட்டுப் போகாம நெருக்கமா ஸ்கேன் பண்ணணும். உங்க ஸ்பூல்ல 9.2க்கும் ஓட்டைக்கும் ரெண்டே அங்குலம்தான் தூரம். புள்ளி வச்ச யூ.டி. அதைத் தாண்டிப் போயிருக்கும்.

நேரடியா தின்னுதான்னு கேட்டீங்க, நல்ல கேள்வி, நூறு வருஷமா ஓடுற கேள்வி. சல்ஃபேட் ஒடுக்கிற பாக்டீரியாவை டெல்ஃப்ட்ல பையரிங்க் 1895ல கண்டுபிடிச்சார். 1934ல அதே நெதர்லாந்துல ஃபான் வோல்ட்சோகன் கூர், ஃபான் டெர் ஃப்ளுக்ட் ரெண்டு பேரும், காத்தே போகாத மண்ணுல புதைச்ச வார்ப்பிரும்புக் குழாய் ஏன் இத்துப் போகுதுன்னு விளக்கம் சொன்னாங்க. இரும்பு மேல படியிற ஹைட்ரஜனை பாக்டீரியா எடுத்துக்குது, அதனால இரும்பு கரையறது நிக்காம ஓடுதுன்னு. ரொம்ப காலம் எல்லாரும் அதைத்தான் படிச்சோம். 2004ல ஜெர்மனி பிரேமன்ல இருக்கிற மாக்ஸ் பிளாங்க் கடல் நுண்ணுயிரியல் நிலையத்துக்காரங்க, இரும்பைத் தவிர வேற தீனியே இல்லாம வளர்த்து ஒரு வகையைப் பிரிச்சாங்க. அது ஹைட்ரஜனுக்காகக் காத்திருந்தா வரக்கூடிய வேகத்தைவிட ரொம்ப வேகமா இரும்பைக் கரைச்சது. இரும்புலேர்ந்து எலக்ட்ரானை நேரா உறிஞ்சுதுன்னு முடிவு பண்ணினாங்க. எல்லா எஸ்.ஆர்.பி.யும் அப்படி இல்ல. பெரும்பாலானது கரிமப் பொருளைத் தின்னு சல்ஃபைடு விடுற ரகம், அந்தச் சல்ஃபைடு இரும்பைத் தாக்கும். உங்க குழியில எந்த ரகம்னு டி.என்.ஏ. பார்த்தா ஒரு குறிப்பு கிடைக்கும். உங்க வேலைக்கு அது ரெண்டாம்பட்சம். ரெண்டு ரகமும் ஒரே வண்டலுக்கு அடியில ஒண்ணா இருக்கும், ரெண்டுக்கும் வைத்தியம் வண்டலை அகத்துறதுதான்.

நைட்ரேட்: உண்மைதான். வடகடல்ல வெஸ்லெஃப்ரிக், குல்ஃபாக்ஸ் வயல்கள்ல 1999ல பயோசைடுக்குப் பதிலா நைட்ரேட்டுக்கு மாறினாங்க. நைட்ரேட்டைச் சுவாசிக்கிற பாக்டீரியா பெருகி, எஸ்.ஆர்.பி.க்குத் தீனி கிடைக்காமப் பண்ணிடும். வழியில உண்டாகிற நைட்ரைட்டும் எஸ்.ஆர்.பி.யை அடக்கும். அவங்களுக்கு நல்ல பலன் கிடைச்சது. ஆனா நைட்ரேட் நிக்காம போகணும். நாலு நாள் டேங்க் வரலன்னு நிறுத்தினா பழைய கூட்டம் திரும்ப வந்துடும். எவ்வளவு போடணும்ங்கிறது தண்ணியில இருக்கிற கரிமத் தீனியைப் பொறுத்தது. குறைச்சலா போட்டு நைட்ரைட் தேங்கி, கூடவே ஆக்சிஜன் நுழைஞ்சா வேற மாதிரி அரிப்பு வரும். எல்லாத்துக்கும் மேல, டெட் லெக்குக்குள்ள பயோசைடு போகாத மாதிரியே நைட்ரேட்டும் போகாது. அது பூமிக்கடியில கிணறு புளிச்சுப் போகாம (ஹைட்ரஜன் சல்ஃபைடு சேராம) இருக்க எடுக்கிற முடிவு, ரிசர்வாயர் ஆளுங்களோட உட்கார்ந்து பேச வேண்டியது. உங்க சக்‌ஷன் ஹெடருக்கு மருந்து அது இல்ல.

நீங்க கேட்கலைன்னாலும் ஒண்ணு சொல்றேன், ஏன்னா ஹெடரைவிட எனக்கு அதுதான் கவலை. பம்புக்கு அப்புறம் கடலடியில போற இன்ஜெக்‌ஷன் லைன்கள். டி-ஏரேட்டர்லேர்ந்து வர்ற அதே தண்ணி, அதே கூட்டம், அங்க திறந்து பார்க்க வழியில்ல. கடைசியா எப்ப பிக் (குழாய்க்குள்ள ஓட்டிச் சுவத்தைத் தேய்ச்சுச் சுத்தம் பண்ற கருவி) ஓடுச்சு? ரிசீவர்ல என்ன வந்துச்சு, எவ்வளவு, என்ன நிறம்னு எங்கயாவது எழுதி வச்சிருக்காங்களா?

அலாஸ்கா புருடோ பே கதையை உங்க மேலதிகாரிகிட்ட சொல்லுங்க. நிலத்துல ஓடுற லைன்தான், தண்ணியும் இல்ல, விற்பனைக்குப் போற எண்ணெய். 34 இஞ்ச் குழாய், உற்பத்தி குறைஞ்சு ஓட்டம் மந்தமாயிடுச்சு, அடியில வண்டல் தங்கிடுச்சு. 1998க்கு அப்புறம் அந்த லைன்ல கிளீனிங் பிக் ஓட்டவே இல்ல. 2006 மார்ச் 2ஆம் தேதி, அந்த வழியா வண்டியில போன ஆபரேட்டர் ஒருத்தர் எண்ணெய் நாத்தத்தை வச்சுக் கண்டுபிடிச்சார். அதுக்குள்ள எட்டு லட்சம் லிட்டர் பனியில கொட்டியிருந்தது. ஓட்டை கால் அங்குல அளவு. லீக் டிடெக்‌ஷன் கருவி அதைக் காட்டிக்கொடுக்கல. அடியில உட்கார்ந்த வண்டலும் அதுக்குள்ள பாக்டீரியாவும்தான் காரணமா பேசப்பட்டது. ஆகஸ்ட்ல அதே வயல்ல இன்னொரு லைனும் ஒழுகி, வயல்ல ஒரு பகுதியையே மூட வேண்டியதாச்சு. பிக் ஓட்டுற செலவை மிச்சம்னு நினைக்கிற எந்த ஆபீசும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கணும்.

ஆக, வரிசை இதுதான்: டெட் லெக்கை வெட்டி எடுக்கணும். முடியலன்னா அடியில ட்ரெயின் வச்சு அடிக்கடி ஃபிளஷ் பண்ணணும். பிறகு பிக், அது வெளியே வந்த கையோட அதே நாள்ல பயோசைடு. சுவர் வெறுமையா இருக்கிற நேரம்தான் மருந்து ஏறுற நேரம். குளுட்டரால்டிஹைடோட டி.எச்.பி.எஸ்.ங்கிற இன்னொரு பயோசைடை மாத்தி மாத்திப் போடுறதையும் கேட்டுப் பாருங்க, அதுக்கு இரும்பு சல்ஃபைடைக் கரைக்கிற குணம் உண்டு. ஸ்கேவெஞ்சரோட ஒத்துப் போகுமான்னு லேப்ல முதல்ல பார்த்துட்டுத்தான். புது ஸ்பூல் போடும்போதே அடிப்பக்கம், ஆறு மணி நிலையில சுவரோட சமமா உட்காருற மாதிரி ஒரு பயோஸ்டட் (சுவத்துல ஒட்டுறதைக் கழட்டிப் பார்க்க உதவுற சின்ன உலோகத் துண்டு) ஃபிட்டிங் வாங்கிடுங்க. ஷட்டவுன் இருக்கும்போதே கேட்டாத்தான் கொடுப்பாங்க.

வெட்டின ஸ்பூலைத் தூக்கிப் போட விட்டுடாதீங்க. குழி இருக்கிற பகுதியை அறுத்து நைட்ரஜன் பையில அடைச்சு வெளி லேபுக்கு அனுப்பச் சொல்லுங்க. காரைக்குடி செக்ரியில (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) நுண்ணுயிர் அரிப்பு பத்திப் பல காலமா ஆராய்ச்சி நடக்குது. சப்ளை பண்றவங்களோ இன்ஸ்பெக்‌ஷன் பண்றவங்களோ இல்லாம மூணாவதா ஒருத்தர் பார்த்துச் சொல்றது உங்களுக்குப் பாதுகாப்பு.

---

மேற்குக்கடல் பதில்:

ஸ்பூல் இன்னும் டெக்லதான் இருக்கு சார், ஸ்கிராப் பாஸ்கெட்ல போட்டிருந்தாங்க. எடுத்து டேக் கட்டி வச்சுட்டேன். "சி" கிளையைத் திறக்க பெர்மிட் போட்டாச்சு, எச்2எஸ் மீட்டரும் பி.ஏ. செட்டும் (சுவாசக் கருவி) சேர்த்துத்தான். பிக் ரெக்கார்டு கேட்டிருக்கேன், கரையிலேர்ந்து வரணும்.

---

நுண்ணோக்கி பதில்:

"சி" கிளையைத் திறக்கும் அன்று பாட்டில்கள் தயாராக இருக்கட்டும். கிளையில் நிற்கும் தண்ணீர் ஒன்று, அடியில் உள்ள சேறு ஒன்று, ஓடும் ஹெடர் தண்ணீர் ஒன்று. மூன்றையும் அடுத்த பேட்சுக்கு முன்னால் எடுங்கள். ஒவ்வொரு பாட்டிலிலும் எடுத்த நேரம், தண்ணீரின் வெப்பநிலை, கடைசி பயோசைடு போன தேதி எழுதுங்கள். ஊடகத்தின் உப்பு அளவை இன்றே சப்ளையரிடம் கேட்டுவிடுங்கள், மாற்றிப் புதுப் பாட்டில் வர நாளாகும்.